ஒரு கோப்பைக்கு இரு கட்டளை

யாழ்ப்பாணத்துச் சமையலறையில் தராசுக்கு இடமில்லை. அரிசிக்குச் சுண்டு உண்டு. தேங்காய்க்குப் பாதியென்றும் முழுதென்றும் கணக்குண்டு. உப்பு, புளி, தூள் ஆகியவற்றுக்குக் கையே அளவு. அந்தக் கையை நம்பி முப்பது ஆண்டுகள் அடுப்படியில் நின்றவர் அவ்வாசிரியை. வலிகாமத்துக் கிராமமொன்றில் வாழ்பவர். பாடசாலையிலே கணிதம் கற்பிப்பவர். பகலெல்லாம் எண்களோடு பழகினும் வீட்டிலே எதனையும் நிறுத்தறியாதவர். தமது ஐம்பத்தாறாவது வயதில் அவர் சிறு தராசொன்றை வாங்கி அம்மிக்குப் பக்கத்தில் வைத்தார். சோற்றை நிறுத்து உண்ணும் பெண்ணை அயலார் அதற்கு முன் கண்டதில்லை.

2023ஆம் ஆண்டின் முற்பகுதியில் செய்துகொண்ட இரத்தப் பரிசோதனையே இதற்குக் காரணமாயிற்று. வெறுவயிற்றில் எடுத்த இரத்தத்தில் ஒரு டெசிலீற்றருக்கு 112 மில்லிகிராம் குளுக்கோசு இருந்தது. ஏறத்தாழ மூன்று மாத காலத்து நிலைமையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. என்னும் அளவு 6.1 வீதமாக இருந்தது. வெறுவயிற்றுக் குளுக்கோசு 126ஐ அல்லது அவ்வீதம் 6.5ஐ எட்டினாலே நீரிழிவு எனப் பெயரிடுவர். அதற்குக் கீழே 100 முதல் 125 வரையும், 5.7 முதல் 6.4 வரையும் உள்ளவற்றை நீரிழிவுக்கு முந்திய நிலை என அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வரையறுக்கின்றது. உலக சுகாதார நிறுவனம் வெறுவயிற்று எல்லையை 110இலிருந்து தொடங்குகின்றது. எந்தக் கோட்டைப் போட்டுப் பார்த்தாலும் ஆசிரியை அதன் உள்ளேதான் நின்றார். அவர் தனியாகவும் நிற்கவில்லை. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடைபெற்ற ஆய்வொன்று, இருபது வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவும் 11.5 வீதத்தினருக்கு அதற்கு முந்திய நிலையும் உண்டெனக் கண்டது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அக்கணக்கிற் சேரவில்லை என்பதையும் குறிப்பிடல் வேண்டும்.

அவருக்கு இச்செய்தி வியப்பளிக்கவில்லை; அச்சமளித்தது. அவருடைய தாயார் சலரோகத்தினால் இறந்தவர். 1990களின் தொடக்கத்திலே மின்சாரமும் இல்லாது மருந்தும் அரிதாகிவிட்ட யாழ்ப்பாணத்தில், தாயாரின் இன்சுலின் குப்பியை ஈரமணல் நிரப்பிய முட்டியிலே புதைத்துக் காத்தவர் அவரே. இடக்காற் பெருவிரலில் ஒரு நெருஞ்சிமுள் அளவில் தொடங்கிய புண், முழங்காலின் கீழே காலை வெட்டுவதில் முடிந்தது. ஆகவே, வைத்தியர் புன்னகையோடு, “இது இன்னும் வருத்தமில்லை ரீச்சர், சாப்பாட்டைக் கவனிச்சாற் போதும்” என்றபோது, அந்த ‘இன்னும்’ என்ற சொல் மட்டுமே அவர் செவியில் நின்றது.

சாப்பாட்டைக் கவனித்தல் பிறருக்கு எளிதாயிருக்கலாம். அவரோ இருபது ஆண்டுகளாக அதனைத் தவிர வேறெதனையும் கவனியாதவர். அவருக்கு வயிற்றுக் குழப்பம். வைத்தியர்கள் ஐ.பி.எஸ். என மூன்றெழுத்தாற் குறிப்பர். உறுத்தற்குடல் நோய் எனத் தமிழ்ப்படுத்தலாம். குடலிலே புண் இராது, கட்டி இராது, இரத்தப் பரிசோதனை யாவும் சீராக இருக்கும். ஆயினும் வலி மெய்யானது. 2016இல் வெளிவந்த உரோம் வரையறையின் நான்காம் பதிப்பின்படி, மூன்று மாத காலத்தில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளேனும் வயிற்றுவலி இருத்தல் வேண்டும். அது மலங்கழித்தல், மலத்தின் தடவை மாறுதல், மலத்தின் தன்மை மாறுதல் ஆகியவற்றுள் இரண்டோடேனும் தொடர்புற்றிருத்தல் வேண்டும். வரையறை அவ்வளவே. அதனுள்ளே அடங்காதவை பல. முதற் பாடவேளைக்கு முன் மூன்று தடவை மலசலகூடம் செல்லும் ஆசிரியை, எந்தப் பாடசாலையில் எத்தனை மலசலகூடங்கள் உள்ளன, அவற்றில் எதற்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதை அறிந்துவைத்திருந்தார். ஒரு மணி நேரம் பேருந்திற் செல்ல வேண்டியிருந்தமையால் பிரதி அதிபர் பதவியொன்றை ஏற்காது விட்டார். காரணம் கேட்டோருக்கு, வீட்டில் மாமி தனியே என்றார். காட்டத்தக்க சான்று எதுவுமில்லாத நோயைப்போல மனிதரைப் பொய் சொல்ல வைப்பது வேறில்லை.

இருபது ஆண்டுகளில் அவர் தமக்கென ஓர் ஒழுங்கை வகுத்திருந்தார். பருப்பில்லை, கடலையில்லை, கௌபியில்லை. வெங்காயமும் உள்ளியும் இயன்றவரை இல்லை. வெள்ளைப் பச்சையரிசிச் சோறு, உருளைக்கிழங்குப் பிரட்டல், தண்ணீர்ச் சொதி, ஒரு துண்டு மீன். வயிறு கலங்கிய நாட்களில் சோர்வு தீர இரண்டு கரண்டி சீனியிட்ட தேநீர். இவ்வொழுங்கு அவருடைய வயிற்றை ஓரளவு அடக்கியே வைத்தது. இதனை மூடத்தனம் என எவரும் கூறற்க. அவருடைய குடல் அவருக்குக் கற்பித்த பாடம் அது. பின்னர் விஞ்ஞானம் கூறியதற்கும் அதற்கும் அதிக தூரமில்லை.

விடயத்தின் மையம் ஈண்டே உள்ளது. வெள்ளைச் சோற்றின் மாப்பொருள் சிறுகுடலிலே விரைந்து குளுக்கோசாகி உறிஞ்சப்படும். சீனியும் அவ்வாறே. உறிஞ்சப்பட்டுவிட்டதனால் பெருங்குடலுக்கு எதுவும் எஞ்சாது; அங்குள்ள பற்றீரியாக்களுக்கு வேலையில்லை; வாயு இல்லை; குடல் அமைதியுறும். ஆயின், விரைந்து உறிஞ்சப்பட்டது முழுவதும் இரத்தத்தில் ஏறும். மறுதலையாக, பருப்பு, கடலை முதலியவற்றிலும் வெங்காயத்திலும் உள்ள சில சங்கிலிச் சர்க்கரைகளை உடைக்கும் நொதியம் மனிதக் குடலில் இல்லை. அவை இரத்தத்தில் ஏறாமலே பெருங்குடலை அடைந்து அங்கே நொதிக்கும். ஏனையோருக்கு அது சிறு உப்புசம். உறுத்தற்குடல் உடையோருக்கு, குடற்சுவரின் நரம்புகள் சிறு விரிவையும் பெருவலியாக உணர்வதால், அது ஒரு நாளையே அழித்துவிடும். இரத்தத்துக்கு இதமானது குடலுக்குப் பகை. குடலுக்கு இதமானது இரத்தத்துக்குப் பகை. எல்லா உணவுக்கும் இது பொருந்தாது எனினும், யாழ்ப்பாணத்துக் கோப்பையில் உள்ளவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும்.

வைத்தியசாலைகளிலோ உடம்பு மாடி மாடியாகப் பிரிக்கப்பட்டுள்ளது. நீரிழிவுச் சிகிச்சை நிலையம் ஒரு துண்டைக் கொடுத்தது: தவிட்டரிசி, குரக்கன், பயறு, கடலை, கௌபி, கீரை உண்க, வெள்ளையரிசி, கிழங்கு, சீனி தவிர்க்க. மற்றொரு மாடியிலிருந்து வேறொரு துண்டு கிடைத்தது: பருப்பு வகை, வெங்காயம், உள்ளி, கோதுமை, பால், மாம்பழம், அப்பிள் தவிர்க்க, சோறும் உருளைக்கிழங்கும் உண்ணலாம். இரண்டும் பிழையற்றவை. ஒன்றை எழுதியவர் மற்றதைக் கண்டதில்லை, அவ்வளவே. ஆசிரியை அன்றிரவு தாளொன்றில் இரண்டு வட்டங்கள் வரைந்தார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தொடைகளின் இடைவெட்டைக் கற்பிப்பவர் அல்லவா? இரு வட்டங்களும் வெட்டிய சிறு பரப்பினுள் மீன், முட்டை, கத்தரிக்காய், வெண்டிக்காய், போஞ்சி, கரட், கெக்கரிக்காய், சில கீரைகள் என்பன வீழ்ந்தன. அவர் அவற்றை மட்டுமே உண்ணத் தொடங்கினார்.

இரண்டு மாதங்களிலே 58 கிலோகிராமிலிருந்து 52க்கு மெலிந்தார். வெறுவயிற்றுக் குளுக்கோசு 104 ஆயிற்று, வயிறும் அடங்கியது. கணக்கின்படி இரண்டும் வெற்றிகள். ஆனால், மூன்றாம் மாடிப்படியில் நின்று மூச்சுவாங்கினார். கரும்பலகையில் எழுதிய கை நடுங்கியது. பிள்ளைகள் கொண்டுவந்த பிறந்தநாள் இனிப்பைக் கண்டு காரணமின்றிக் கண்கலங்கினார். ஐம்பது வயதைக் கடந்த ஒருவர், அதுவும் குடல்நோயுடையவர், இவ்வாறு மெலிவதை எந்த வைத்தியரும் உணவின் பயன் என்று எண்ணி விட்டுவிடல் ஆகாது. உள்ளே வேறொன்று வளரவில்லை என உறுதிசெய்தாக வேண்டும். எனவே குழாய்க் கமராவினாற் பெருங்குடலைச் சோதித்தார்கள். முடிவுக்காகக் காத்திருந்த ஒன்பது நாட்களும் அவ்வீட்டிலே யாரும் உரத்துப் பேசவில்லை. குடல் தூய்மையாக இருந்தது. இரத்தசோகை மட்டும் காணப்பட்டது. இரும்புச்சத்துக் குறைவினால் வரும் சோகை எச்.பி.ஏ.1.சி. அளவை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதையும் அவர் அப்போதுதான் அறிந்தார். தாம் துரத்திய எண்ணே முற்றிலும் நம்பத்தக்கதன்று என்பது ஒரு கணித ஆசிரியைக்குச் சிறிய அடியன்று.

மாத்திரை உண்டுதானே எனக் கேட்கலாம். மெற்போமின் மலிவானது, பழகிய மருந்து. ஆனால், வயிற்றோட்டமும் வயிற்றுப் பொருமலும் அதன் பரவலான பக்கவிளைவுகள். மெதுவாகக் கரையும் வகை சற்று இதமானதெனினும் அவருடைய குடலுக்கு அதுவும் ஒரு சோதனையே. மேலும், இந்நிலையில் உணவும் நடையும் மாத்திரைக்குத் தாழ்ந்தவையல்ல. 2002இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், 3234 பேரைப் பிரித்துப் பார்த்தபோது, உணவும் உடற்பயிற்சியும் நீரிழிவு தோன்றுவதை 58 வீதம் குறைத்தன. மெற்போமின் 31 வீதமே குறைத்தது. நமக்கு அணித்தான சென்னையிலிருந்து 2006இல் வெளிவந்த ஆய்விலே, 531 பேரில், வாழ்க்கைமுறை மாற்றம் 28.5 வீதமும் மெற்போமின் 26.4 வீதமும் குறைத்தன. சென்னையின் எண்கள் சிறியவை. எனினும் சோறுண்போரின் எண்கள் என்பதால் ஆசிரியை அவற்றையே பெரிதாக மதித்தார். வைத்தியர் மாத்திரையை ஆறு மாதங்களுக்கு ஒத்திவைக்க இசைந்தார். மெலிவதை நிறுத்த வேண்டும் என்பது நிபந்தனை.

அவரைத் திருப்பிவிட்டவர் இளம் போசணையியலாளர் ஒருவர். முன்னாள் மாணவி வயது. அவர் துண்டு எதனையும் கொடுக்கவில்லை, வினாக்களையே கேட்டார்.

“எவ்வளவு காலமாய்ப் பருப்பைத் தொடேல்லை ரீச்சர்?”

“இருபது வருஷம்.”

“விலக்கிப் பாக்கிறது ஆறு கிழமைக்குத்தான் ரீச்சர். நீங்கள் இருபது வருஷமாய்ச் சோதினை எழுதிக்கொண்டு இருக்கிறியள்.”

மெல்பேணிலுள்ள மொனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்த உணவுமுறையையே அவர் கருதினார். குடலில் எளிதில் நொதிக்கும் குறுஞ்சர்க்கரைகளைத் தொகுத்து ‘பொட்மப்’ என 2005இல் அவர்கள் பெயரிட்டனர். அவற்றை இரண்டு முதல் ஆறு கிழமைகள் விலக்குதல் முதற்படி. ஒவ்வொன்றாக, அளவறிந்து, மீளச் சேர்த்துப் பார்த்தல் இரண்டாம் படி. தாங்குபவற்றை உண்டு, தாங்காதவற்றை மட்டும் விலக்கி வாழ்தல் மூன்றாம் படி. துண்டுகளாகக் கைக்கு வருவது எப்போதும் முதற்படியே. இரண்டாம் படிக்கு ஆள் வேண்டும், காலம் வேண்டும், ஒரு கொப்பி வேண்டும். ஆகையால் அது பெரும்பாலோரை எட்டுவதில்லை.

ஆசிரியை நூற்றறுபது பக்கக் கொப்பியொன்றில் நான்கு நிரல்கள் கோடிட்டார்: நேரம், உணவும் அதன் நிறையும், வயிறு, இரண்டு மணி நேரத்தின் பின் இரத்தக் குளுக்கோசு. சோதனைக் கீலங்கள் விலைகூடியவை. நாளொன்றுக்கு ஒன்றுக்கு மேல் அவர் செலவிடவில்லை. ஒரே உணவை மூன்று நாட்கள், நாளுக்கு நாள் சற்றுக் கூட்டி உண்பது; பின்னர் இரண்டு நாட்கள் ஓய்வு. ஒன்று தீர ஒரு கிழமை சென்றது.

அக்கொப்பியின் சில பக்கங்கள் கதைப்புத்தகம்போல் வாசிக்கத்தக்கவை. முதலில் மைசூர்ப் பருப்பு. இரவு ஊறவைத்து, அந்நீரை ஊற்றி, வேறு நீரில் அவித்து, அந்நீரையும் வடித்து, இரண்டு மேசைக்கரண்டி: வயிறு அமைதி. நான்கு: சிறு உப்புசம். அரைக் கோப்பை: “பாடவேளை 2, 3 இல்லை” என்று மட்டும் எழுதப்பட்டுள்ளது. ஆகவே, எல்லை மூன்று கரண்டி. இருபது ஆண்டுகள் பகையென எண்ணியது, அளவோடு வந்தால் விருந்தாளி என ஆயிற்று. கடலை எந்த அளவிலும் இணங்கவில்லை. உள்ளிக்கு வேறு வழி கிடைத்தது. அதிலுள்ள தொல்லைதரும் சர்க்கரை நீரிற் கரையும், எண்ணெயிற் கரையாது. ஆகவே, குழம்பில் அவிந்த உள்ளியைப் பொறுக்கி எறிவதாற் பயனில்லை. தாளிக்கும் எண்ணெயில் முழுப்பல்லைப் பொரியவிட்டு எடுத்துவிட்டால் மணம் மட்டும் தங்கும். அவ்வெண்ணெயை அன்றன்றே செய்தல் வேண்டும். போத்தலில் நாட்கணக்கில் வைத்தல் நஞ்சாகலாம். வெங்காயத்தின் குமிழுக்குப் பதிலாக அதன் பச்சைத்தாள் போதுமானதாயிற்று. வெங்காயம் விளையும் வலிகாமத்திலே தாளுக்குப் பஞ்சமில்லை.

சோறுதான் நீண்ட வழக்கு. வெந்த சோற்றின் 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் காபோவைதரேற்று உண்டு. தாம் வழக்கமாக உண்ட சோற்றை முதன்முறை நிறுத்தபோது தராசு 340 காட்டியது. ‘நான் கொஞ்சமாய்த்தான் சாப்பிடுறனான்’ என்று அதுவரை சொல்லி வந்தவர். அதனை 140க்குக் குறைத்தார். பச்சையரிசியை விட்டுச் சிவப்புப் புழுங்கலுக்கு மாறினார். நெல்லை அவித்துக் காயவிடும்போது மாப்பொருளின் ஒரு பகுதி இறுகிச் சமிபாட்டுக்கு மெல்லவே இணங்குவதாகிறது. சோற்றை ஆறவைத்தாலும் அதுவே நிகழும். 2015இல் கொழும்பு இரசாயன விஞ்ஞானக் கல்லூரி மாணவர் ஒருவர், தேங்காயெண்ணெய் சேர்த்து அரிசியைச் சமைத்துப் பன்னிரண்டு மணி நேரம் குளிரவைத்தால் சமிபாடடையா மாப்பொருள் கூடுமெனக் காட்டி அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் கூட்டமொன்றில் அறிவித்தது உலகச் செய்தியாயிற்று. பழஞ்சோறு உண்டு வயலுக்குப் போனவர்கள் அதனைப் படித்திருக்கவில்லை. ஆசிரியையின் கொப்பியிலும் பழஞ்சோற்று நாட்களில் குளுக்கோசு தாழ்ந்தே காணப்படுகின்றது. ஆனால், சமிபாடடையாதது யாதாயினும் பெருங்குடலுக்கே செல்லும் அன்றோ? வயிற்று நிரல் அந்நாட்களில் முறையிட்டது. பாதி புதுச்சோறு, பாதி பழஞ்சோறு என்ற உடன்படிக்கை ஏற்பட மூன்று கிழமைகள் சென்றன. மரக்கறியையும் மீனையும் முதலில் உண்டு, சோற்றை இறுதியில் உண்பதும், உண்டபின் ஒழுங்கை முடியுமட்டும் பதினைந்து நிமிடம் நடப்பதும் எண்ணை மேலும் தாழ்த்தின. முன்னர் 168 ஆக இருந்த இரண்டு மணி நேர அளவு 140ஐ அணுகியது.

சீனி நீங்கிற்று. அதனிடத்தில் ‘சீனியில்லா’ இனிப்பொன்றை வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் அன்போடு கொடுத்தார். அதில் இனிப்புக்காகச் சேர்க்கப்பட்டிருந்தது சோர்பிற்றோல். குடலிலே நீரை இழுப்பது, பின்னர் நொதிப்பது. ஆறு துண்டுகள் தின்ற அன்றிரவை அவர் கொப்பியில் எழுதவில்லை. பனங்கட்டி தீங்கற்றது என்னும் ஊர்நம்பிக்கையும் ஆய்விற் பிழைக்கவில்லை. அதுவும் பெரும்பாலும் சுக்குரோசே. வாழைப்பழம் செங்காயாக இருக்கையில் இரு நோய்க்கும் இசைந்தது, கனிந்தபின் இரண்டுக்கும் ஆகாததாயிற்று. இரு துண்டுகளும் ஒரே குரலில் மறுத்தது மாம்பழத்தை. அவ்வீட்டு முற்றத்திலோ கறுத்தக் கொழும்பான் நிற்கின்றது. ஆனியிலே ஒரு நாள் அவர் ஒரு கன்னத்தை வெட்டித் தின்றார். நிரல்கள் நான்கையும் வெறுமையாக விட்டார். அதற்காக அவரை எவரும் குறைகூறுதல் தகாது.

இவையெல்லாம் உணவின் கதை. உண்பவரின் கதை வேறு. அவ்வீட்டில் அவர் ஒருநாளும் முதலில் உண்டவரல்லர். மாமிக்கும், கணவருக்கும், மகனுக்கும் பரிமாறியபின், சட்டியில் எஞ்சியதைச் சோற்றோடு பிரட்டி உண்பார். கறி முடிந்த நாளில் சோறு கூடும். அச்சட்டிச்சோறே அவருடைய இரவு உணவின் பெரும்பகுதி என்பது தராசு வந்தபின்பே தெரிந்தது. பெண்களுக்கு உணவுக்கட்டுப்பாடு விதிப்போர் கேட்காது விடும் வினா இது: உமது பங்கை நீர் எடுத்து உண்கிறீரா, அன்றி எஞ்சியதை உண்கிறீரா? தமக்கென ஒரு மீன்துண்டை முன்கூட்டியே எடுத்து மூடிவைப்பது அவருக்குக் களவுபோல் இருந்தது. சில நாட்கள் எடுத்துவைத்ததையும் மகன் கேட்டதும் கொடுத்துவிட்டார். கணவர் நல்லவர், ஆனால், “ஒரு நாளைக்குச் சாப்பிட்டா என்ன வரப்போகுது” என்னும் சொல்லை நாள்தோறும் சொல்பவர்.

வெளியே போனால் இன்னும் சிக்கல். அந்தியேட்டி வீட்டிலும் கலியாண வீட்டிலும் இலையில் வைத்ததை விலக்குவது வீட்டாரை அவமதிப்பதாகும். நோய் என்று சொன்னால், என்ன நோய், எத்தனை நாளாக, யாரிடம் காட்டினீர்கள் என்று பந்தி முழுவதும் கேட்கும். ஒரு நாள் தற்செயலாக, “இண்டைக்கு விரதம்” என்றார். உடனே இலை மரியாதையோடு எடுக்கப்பட்டது. வாழைப்பழமும் இளநீரும் வந்தன. கடவுளுக்காக உண்ணாதிருப்பவரை வணங்கும் சமூகம் தனது உடம்புக்காக உண்ணாதிருப்பவரைத் துருவுவது விசித்திரமே. அதன்பின் ஆசிரியைக்கு ஆண்டில் விரதநாட்கள் பெருகின.

உண்மையான விரதநாட்களே அவரை வாட்டின. வெள்ளிக்கிழமைகளில் மச்சமில்லை, நல்லூர்க் கந்தன் கொடியேறினால் இருபத்தைந்து நாட்களும் மச்சமில்லை. மீனும் முட்டையும் போய், பருப்பும் மூன்று கரண்டியோடு நின்றுவிட, கோப்பையில் எஞ்சுவது சோறே. 2023ஆம் ஆண்டுத் திருவிழாவின் முதற் கிழமையில் குளுக்கோசு மீண்டும் 170ஐத் தொட்டது. விரதத்தை விடும்படி போசணையியலாளரும் சொல்லவில்லை, ஆசிரியையும் கேட்கவில்லை. விடை கோயில் வீதியிலேயே கிடந்தது. திருவிழாக் காலத்துக் கச்சான் கடைகள் யாவரும் அறிந்தவை. கச்சான் பருப்பு வகையைச் சேர்ந்ததாயினும் அதிலே நொதிக்கும் சர்க்கரை குறைவு. புரதத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. இரத்தக் குளுக்கோசை அதிகம் உயர்த்தாதது. முதலில் இருபது கிராம், பின்னர் முப்பது: வயிறு எதுவும் சொல்லவில்லை. வறுத்த கச்சானை இடித்துக் கத்தரிக்காய்க் குழம்பிலும் கீரையிலும் சேர்த்தார். எள்ளையும் அவ்வாறே சேர்த்தார். அவ்வாண்டு தேர்த்திருவிழாவன்று வீட்டில் எல்லோரும் அந்தக் குழம்பையே உண்டனர். அவருக்கென்று வேறு சட்டி வைக்கப்படவில்லை.

இவ்வளவுக்கும் இடையே மாமி எதுவும் பேசாதிருந்தார். எண்பத்திரண்டு வயது, மருமகள் தராசு வாங்கியதை முதலில் ஏளனமாகப் பார்த்தவரும் அவரே. ஐப்பசியில் ஒரு மதியம், வழமைபோல் மருமகள் கோப்பையைக் கொண்டுவந்து முன்னே வைத்தபோது, அதனைத் தள்ளிவைத்து, “நீ முதல் நிறுத்து எடு பிள்ளை. பிறகு எனக்குப் போடு” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று தொட்டு அவ்வீட்டில் முதலில் எடுக்கப்படும் சோறு ஆசிரியையின் 140 கிராம். கணவரின் பழஞ்சொல்லும் அன்றோடு நின்றது; தாய்க்கு முன்னால் அதனைச் சொல்ல அவருக்குத் துணிவில்லை.

ஆறு மாத முடிவில் எச்.பி.ஏ.1.சி. 5.8 வீதம், நிறை 55 கிலோகிராம், சோகை இரும்புச்சத்து மாத்திரையால் தீர்ந்தது. 2024இல் 5.9, 2025இல் மீண்டும் 5.8. கோட்டுக்கு உள்ளேதான், ஆனால் ஓரத்தில். வயிறு மாதத்தில் இரண்டு மூன்று நாட்கள் கலங்கும். அது வருவதற்குச் சோதனைக் காலத்து மன அழுத்தமும் போதும், உணவு வேண்டியதில்லை. மெற்போமின் இன்னும் தொடங்கப்படவில்லை, எண் 6.3ஐக் கடந்தால் தொடங்குவதென உடன்பாடு.

உடன் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், தமக்கும் அவ்வாறே இரு நோயென்று கூறி, அக்கொப்பியைப் படியெடுக்கக் கேட்டார். “இது என்ரை வயிறு எழுதினது, உமக்குப் பொருந்தாது” என்று மறுத்து, நான்கு நிரல் கோடிட்ட வெறுந்தாள்கள் பத்தைக் கிழித்துக் கொடுத்தார். தமது கொப்பியில் கௌபிக்கு எதிரே உள்ள கட்டங்கள் இன்னும் நிரப்பப்படவில்லை. மாசியில், பாடசாலைத் தவணை நடுவே அல்லாத ஒரு கிழமையில், ஒரு மேசைக்கரண்டியோடு தொடங்குவதாக அவர் எண்ணியிருக்கிறார்.